குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கெட்ட வார்த்தை: செயலாளர் எதைத் தடுக்க வேண்டும்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 96 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தில், ஓர் உறுப்பினர் எங்கள் பொருளாளரை அவருடைய தாயைச் சேர்த்துத் திட்டி, இரவு பதினொன்றரை மணிக்குக் குரல் பதிவு போட்டார். மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். கெட்ட வார்த்தைக்கே தடை விதிக்கலாமா? மீறினால் 500 ரூபாய் அபராதம் வாங்கலாமா? அட்மின் என்பதால் என் மீது வழக்கு வருமா? 'பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது, தடுக்க முடியாது' என்று சிலர் வாதிடுகிறார்கள்.

பதில்: உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தைக் காட்டி உங்கள் மீது போடும் குற்ற வழக்கு நிற்காது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 மார்ச்சிலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் இதையே சொல்லியிருக்கின்றன. மதுரைக்கு வந்தது கரூர் வழக்கறிஞர்களின் குழுவைப் பற்றிய வழக்கு. அந்தக் குழுவை நடத்தியவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றால், அவருடைய பெயரை இறுதி அறிக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் காவல் துறைக்கு உத்தரவிட்டது. பேச்சுச் சுதந்திரம் என்ற வாதமும் இங்கே பொருந்தாது. அரசமைப்பின் 19ஆவது பிரிவு முதன்மையாக அரசாங்கத்தின் கையைக் கட்டுகிறது. உங்கள் சங்கம் தன் குழுவுக்கு ஒழுங்கு வகுத்துக்கொள்வதை அது தடுப்பதில்லை.

தடை விதிக்கலாமா என்றால், விதிக்கலாம், விதிக்கவும் வேண்டும். ஆனால் தடை சொல்லின் மீது இருக்கக் கூடாது; அந்தச் சொல் யாரை நோக்கி எறியப்படுகிறது என்பதன் மீது இருக்க வேண்டும். லிஃப்ட் மூன்றாவது முறையாக நடுவில் நின்றுவிட்ட கோபத்தில் ஒருவர் அந்த இயந்திரத்தைத் திட்டி ஒரு கொச்சை வார்த்தை எழுதினால் யாருக்கும் காயமில்லை, விட்டுவிடுங்கள். முடியைக் குறிக்கும் பழைய சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் தயக்கமில்லாமல் ஆண்ட சொல் அது. இன்றைக்கும் தென்மாவட்டங்களில் பல வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. உங்கள் குழுவிலோ அதைப் படித்து ஒருவர் முகம் சுளிப்பார். இன்னின்ன சொற்கள் கூடாது என்று பட்டியல் போட்டால், அடுத்த நாளே அவை நடுவில் புள்ளி வைத்தும், ஆங்கில எழுத்திலும், குரல் பதிவாகவும் வரும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். 'வாடகைக்கு வந்தவனுக்கு இங்கே என்ன பேச்சு' என்று ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் ஒரு குடும்பத்தை அவமானப்படுத்துகிறவர் உங்கள் பட்டியலில் அகப்படமாட்டார். ஆற்றாமையில் வாய்தவறிய வாடகைதாரர்தான் அகப்படுவார்.

ஆகவே விதியை இரண்டு வரியில் எழுதி, செயற்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, குழுவின் விவரப் பகுதியில் ஒட்டிவிடுங்கள். 'யாருடைய செயலையும் கணக்கையும் இங்கே கேள்வி கேட்கலாம். யாரையும் அவருடைய குடும்பத்துப் பெண்கள், சாதி, மதம், உடல், தொழில், வாடகைதாரர் என்ற நிலை ஆகியவற்றை இழுத்துத் திட்டக் கூடாது. மீறினால் பதிவு நீக்கப்படும். மறுமுறை மீறினால் 30 நாட்கள் குழுவில் இடமில்லை.' இவ்வளவு போதும். பிறர் போட்ட பதிவை எல்லோருடைய திரையிலிருந்தும் நீக்கும் வசதி 2022 முதல் அட்மின்களுக்கு இருக்கிறது. அன்றிரவே அந்தக் குரல் பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு நீக்கியிருந்தால், அந்த இரண்டு பெண்களும் ஒருவேளை வெளியேறியிருக்கமாட்டார்கள்.

அபராதம் வேண்டாம். உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் அதற்கு இடமில்லை என்றால், வாங்கிய 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு அவர் வரும்போது உங்களிடம் பதில் இருக்காது. தண்ணீரை நிறுத்துவது, பராமரிப்புப் பையனை அனுப்பாமல் இருப்பது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். பொதுக்குழு அறிவிப்பு முதலியவற்றுக்கு அட்மின்கள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றை வைத்து, அதிலிருந்து யாரையும் நீக்காமல் இருங்கள். விவாதக் குழுவிலிருந்து விலக்கப்பட்டவர், 'எனக்குக் கூட்ட அறிவிப்பே வரவில்லை' என்று பிறகு தேர்தலையே எதிர்க்க அது இடம் தராது.

இனி எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு சண்டை நடந்ததும், 'கேஸ் போட்டுவிடலாம் சார்' என்று ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவார். தமிழ்நாட்டில் எந்தக் கைகலப்புப் புகாரிலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) (பொது இடத்தில் ஆபாசப் பேச்சு), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506 (மிரட்டல்) என்ற மூன்று பிரிவு எண்களை ஸ்டேஷன் ரைட்டர் யோசிக்காமல் எழுதுவது நெடுநாள் வழக்கம். 2024 ஜூலை 1 முதல் அவை, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351 ஆக மாறியிருக்கின்றனவே ஒழிய, பழக்கம் மாறவில்லை. வெறும் வசைச் சொல்லும் அவமதிப்பும் 294(பி) ஆகிவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. கெட்ட வார்த்தை வேறு, ஆபாசம் வேறு என்பதை ஓர் இணையத் தொடரைப் பற்றிய வழக்கில் 2024 மார்ச்சில் இன்னும் விரிவாகச் சொன்னது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்றே அது ரத்து செய்துவிட்டது. அதையும் மேற்கோள் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு) போட்டு, இரண்டு தரப்பையும் மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்து, கடைசியில் 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று அனுப்புகிறார்களே, அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு பொருளாளர், 'சைபர் ஆலோசகர்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவருக்கு 15,000 ரூபாய் கொடுத்திருந்தார். பதிலுக்குக் கிடைத்தது, திரைப்பிடிப்புகளை வண்ணத்தில் அச்சடித்து, ஒவ்வொரு தாளிலும் வட்டமான ஊதா முத்திரை குத்தி, சுருள் கம்பி போட்ட ஒரு புத்தகம். 'இனி இது போதும்' என்று அந்த மனிதர் சொன்னதை நம்பி, இவர் தன் கைப்பேசியில் இருந்த மூல உரையாடலை அழித்துவிட்டார். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, கருவியை வைத்திருப்பவரும் ஒரு வல்லுநரும் கையெழுத்திட்ட சான்றிதழ் இணைந்தால்தான் அந்த அச்சுத் தாள்களுக்கு மதிப்பு. அந்த முத்திரைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. உரையாடலை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றாதீர்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. 'சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் குழுவில் ஆபாசப் பதிவு வந்திருக்கிறது, வீடியோ அழைப்பிலேயே இருங்கள்' என்று யாராவது மிரட்டினால் உடனே துண்டியுங்கள். டிஜிட்டல் கைது என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

மேலே சொன்னதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் செயலாளர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். திட்டியவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும், திட்டப்பட்டவர் சேர்ந்தவராகவும் இருந்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், அது வெறும் குழு ஒழுங்குப் பிரச்சினை இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஸ்), பொதுமக்கள் பார்வைக்குரிய இடத்தில் அப்படித் திட்டுவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. முன்ஜாமீனை அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தடுக்கிறது. இணையத்தில் போடுவதும் பொதுப் பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. 96 வீட்டார் இருக்கும் குழுவைத் தனியிடம் என்று வாதிட நான் துணியமாட்டேன். சில சாதிப் பெயர்கள் நம் ஊர்ப் பேச்சில் வசைச் சொல்லாகவே புழங்குவதால், 'பழக்கத்தில் வந்துவிட்டது' என்று சொல்பவரும், அதை நம்புபவர்களும் இருப்பார்கள். அந்த நேரத்தில் செயலாளர் செய்யக் கூடாதது, பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டு 'நம் குடியிருப்பின் பெயர் கெட்டுவிடும், மன்னித்துவிடுங்கள்' என்று சமரசம் பேசுவது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருடைய உரிமை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவைச் சேமித்து, குழுவிலிருந்து நீக்கி, சேமித்ததன் நகலை அவரிடம் கொடுங்கள். இவ்வகைப் புகாரைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். நிலையத்தில் அதை யாரும் அவருக்குத் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் வழக்கில் சாதி வரவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து புரிந்துகொள்கிறேன். எனவே காவல் நிலையப் படி ஏற வேண்டியதில்லை. அந்த உறுப்பினருக்குச் சங்கத்தின் தாளில் ஒரு கடிதம் எழுதி, பதிவுக்கு வருத்தம் தெரிவித்து அதே குழுவில் எழுதும்படி கேளுங்கள். தண்ணீர் லாரிக் கணக்கை, எந்த நாளில் எத்தனை லாரி, எவ்வளவு தொகை என்று பில்லுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், ஏனென்றால் அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பிறகு, வெளியேறிய இரண்டு பெண்களின் வீட்டுக்கும் நேரில் போய், புதிய விதியைக் காட்டி, திரும்பி வருகிறார்களா என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம்.