எலியின் மூளையைக் காத்த மருந்து என் மகனுக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலிப்பு வருகிறது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். வலிப்பால் அழியும் மூளைச் செல்களை எலிகளில் ஒரு மருந்து காப்பாற்றியதாகப் படித்தேன். அதை இவனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: அந்த எலிகளுக்கு வருவது இரண்டு நிமிட வலிப்பு அல்ல. எலிகளுக்கு வலிப்பை வரவழைக்கும் வழக்கமான முறை இது: முதல் நாள் லித்தியம், மறுநாள் கிலோவுக்குச் சுமார் 30 மி.கி. பைலோகார்பின் ஊசி. (கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தாகத் தருகிறோமே, அதேதான்.) வலிப்பை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டு, டயஸிபாம் போட்டு அடக்குவார்கள். அதற்குள் நரம்புச் செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுமீறிச் சுரந்து, கால்சியம் செல்லுக்குள் கொட்டி, நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் செல்கள் சாகத் தொடங்கிவிடும். வலிப்பின்போது வரும் மூச்சுத் திணறல் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 1973-இல் மெல்ட்ரம் என்ற ஆய்வாளரின் குழுவினர் பபூன் குரங்குகளின் தசைகளை முடக்கி, வலிப்பை வரவழைத்து, செயற்கை சுவாசம் கொடுத்தே பார்த்தார்கள். அப்போதும் செல்கள் அழிந்தன.

‘காப்பாற்றியது’ என்ற சொல்லை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன். பல ஆய்வுகளில் மருந்தை வலிப்புக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். மருந்து வலிப்பையே குறைத்திருந்தாலும் செல் பிழைக்கும்; மூளையின் மின்னோட்டத்தைக் காட்டும் ஈ.ஈ.ஜி.யைத் தொடர்ந்து பதிவு செய்யாமல், மருந்து செல்லைக் காத்ததா, வலிப்பைக் குறைத்ததா என்று பிரிக்க முடியாது. உடல் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலும் செல் பிழைக்கும். செல்களை நன்றாகக் காத்த எம்.கே.-801 என்ற சோதனை மருந்து, எலி மூளையின் வேறு பகுதியில் செல்களுக்குள் குமிழ்களை உண்டாக்கியது. உடலைக் குளிர்விக்கும் முறையை பிரான்சில் தொடர் வலிப்பு (நிற்காமல் நீளும் வலிப்பு) நோயாளிகளிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள்; 90 நாள் கழித்துப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை.

இரண்டு நிமிட வலிப்பால் அப்படிச் செல்கள் கொத்தாகச் சாவதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கொரு வலிப்பு என்பது கட்டுப்பாடு அல்ல. நரம்பியல் மருத்துவரிடம் மாத்திரையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். தவறிய வேளைகளை எழுதி எடுத்துப் போங்கள்.

வீட்டில் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் நேசல் ஸ்பிரே (மூக்கில் அடிப்பது) இருக்கட்டும். ஒரு அழுத்துக்கு எத்தனை மி.கி. என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிலோவுக்கு 0.2 மி.கி., மொத்தம் 10 மி.கி.க்கு மிகாமல் என்பது வழக்கமான கணக்கு. இவனுக்கு எத்தனை அழுத்து என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலில் ஒட்டுங்கள். பாதி ஒரு மூக்கில், பாதி மறு மூக்கில். வலிப்பு வந்ததும் இரும்புச் சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்பிரே, உடனே 108. அரை மணி தாமதித்தால் இதே மருந்து சரியாகக் கேட்காது: அது பிடித்துக்கொள்ளும் காபா ஏற்பிகள் (நரம்புச் செல்லின் மேற்பரப்பில் இருந்து அதை அமைதிப்படுத்துபவை) அதற்குள் செல்லின் உள்ளே போய்விடும்.