குதிரையின் ட்ரொட்: கேட்டவர்களுக்குப் பதில்

குதிரையேற்றம் பற்றி என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ட்ரொட் பற்றியவை. எனக்கு அதில் சந்தோஷம்தான். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் உள்ள இந்த ஓட்டத்தில் குதிரையின் கால் நலத்தையும் ஏறியிருப்பவரின் இருப்பையும் மறைக்கவே முடியாது. தொடங்குமுன் ஒன்று: விழாமல் இருப்பதற்காகக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

சுன்னாகத்திலிருந்து: ட்ரொட் என்பது கெதியான நடைதானே?

இல்லை. நடையில் நாலு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். நாலு தட்டுக் கேட்கும். ட்ரொட்டில் இரண்டு தட்டுத்தான். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து விழும், பிறகு வலது முன்னும் இடது பின்னும். இரண்டு தட்டுக்கும் நடுவில் நாலு காலும் நிலத்தை விட்டு எழும்பி நிற்கும் ஒரு கணம் உண்டு. கண்ணுக்கு அது பிடிபடாததால் அந்தக் காலத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1870களில் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள்தான் அதைத் தீர்த்தன. வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீற்றர்.

உடுவில் தங்கை ஒருவர்: ட்ரொட்டில் ஒரு தட்டுக்குச் சேணத்திலிருந்து எழும்பி, அடுத்த தட்டுக்கு இருந்து ஓடும்போது எப்போது எழும்ப வேண்டும்? எனக்குத் தாளம் பிடிபடவில்லை.

நல்ல கேள்வி, தங்கச்சி. வட்டத்தில் ஓடும்போது குதிரையின் வெளிப்பக்கத் தோளைப் பாருங்கள். அந்தத் தோள் முன்னே போகும்போது எழும்புங்கள், பின்னே வரும்போது இருங்கள். காரணம் இருக்கிறது. வெளிப்பக்க முன்னங்காலோடு சேர்ந்து அசைவது உள்பக்கப் பின்னங்கால். வட்டத்தில் உடம்பைத் தாங்கித் தள்ளுவதில் பெரும்பங்கு அதற்கு. நீங்கள் எழும்பியிருக்கும் நேரத்தில் அந்தக் கால் பாரமில்லாமல் நன்றாக முன்னே எட்டி வரும். திசை மாறினால் ஒரு தட்டுக்கு எழும்பாமல் அப்படியே இருந்துவிட்டு அடுத்ததற்கு எழும்புங்கள், பக்கம் மாறிவிடும். நேரான பாதையிலும் இடைக்கிடை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரே சோடிக் கால்கள்தான் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

எழும்புவதென்றால் அங்கவடியில் ஏறி நிற்பதல்ல. குதிரையின் முதுகே உங்களைத் தூக்கும்; அதோடு சேர்ந்து இடுப்பைக் கொஞ்சம் முன்னே விடுங்கள், போதும். முழங்காலால் இறுக்கினால் உடம்பு மேலே தெறிக்கும். குதிக்கால் கீழே இருக்கட்டும். தடுமாறினால் பிடரி மயிரைப் பிடியுங்கள், அல்லது கழுத்தைச் சுற்றி ஒரு பழைய வாரைக் கட்டி அதைப் பிடியுங்கள்.

கடிவாள வாரில் தொங்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன்? கடிவாளத்தின் இரும்பு கிடப்பது குதிரையின் வாயில் பல்லில்லாத இடைவெளியில். அங்கே எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டும்தான். ட்ரொட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 தட்டு விழும். ஒவ்வொரு தட்டுக்கும் உங்கள் கை துள்ளினால் அத்தனை அடியும் அந்த எலும்பில்தான் விழுகிறது.

கோப்பாயிலிருந்து: நீண்ட தூரம் போக நடையா, ட்ரொட்டா, பாய்ச்சலா சிறந்தது?

குதிரையிடமே விட்டால் அதற்குத் தெரியும். சிறு குதிரைகளை ஓடுபொறியில் ஓடவிட்டு, அவை எடுக்கும் ஒட்சிசனை அளந்து 1981இல் ஓர் ஆய்வு வெளியானது. நடை, ட்ரொட், பாய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் சக்தி மிகக் குறைவாகச் செலவாகும் ஒரு வேகம் இருக்கிறது, குதிரை தானாகவே அந்த வேகத்தைத்தான் தெரிவு செய்கிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே ட்ரொட்டும் நடையும் மாறி மாறிப் போங்கள். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் நடைதான்.

காரைநகர்த் தம்பி: எங்கே ஓட்டலாம்?

தார் வீதியில் வேண்டாம். கொங்கிறீற் வீதியிலும் வேண்டாம். ஒவ்வொரு தட்டும் குளம்பிலிருந்து மூட்டுவரை ஏறும். மணற்காட்டு மணல்மேடு மாதிரிப் புதையும் மணலும் ஆகாது, தசைநார் இழுபடும். உங்கள் ஊர்க் கசூரினாக் கடற்கரையில் அலை வந்து போன ஈர மணல் இறுகிக் கிடக்குமே, அது நல்லது. உழாத செம்மண் தரையும் நல்லது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

நெடுந்தீவுக் குதிரை ஒன்றைப் பிடித்துப் பழக்கலாமா? (பலர் கேட்டிருக்கிறீர்கள்.)

வேண்டாம். ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்பவை அவை. கோடையில் தண்ணீருக்கே அல்லாடுகின்றன. உருவத்திலும் சிறியவை. சேணத்தோடு சேர்த்து ஏறுபவரின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோக் குதிரைக்கு 40 கிலோதான். கேட்டவர்களில் எத்தனை பேர் அதற்குள் வருவீர்கள்? குறிகட்டுவானில் படகேறிப் போய்த் தூர நின்று பாருங்கள். கூட்டமாக அவை ட்ரொட்டில் போகும்போது முதுகுகள் அசையும் தாளம், பழகுகிறவர்களுக்கு நல்ல பாடம்.

நல்லூரிலிருந்து: ட்ரொட்டில் தூக்கிப் போடுகிறது. வாரை இறுக்கலாமா?

மேலே எழுதியதை வாசியுங்கள். கூடாது.

சாவகச்சேரியிலிருந்து: குதிரை நொண்டுகிறது என்று நினைக்கிறேன். எந்தக் கால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இறுகிய சமதரையில் ஒருவர் தளர்வாகப் பிடித்து நேராக ட்ரொட்டில் ஓட்டட்டும். நீங்கள் முன்னே நின்று தலையைப் பாருங்கள். நோவுள்ள முன்னங்கால் நிலத்தில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும்.

அச்சுவேலி ஐயா ஒருவர்: பிழையாகச் சொல்கிறீர்கள். சவாரி மாடு எத்தனையோ வளர்த்திருக்கிறேன். நொண்டும் காலில்தான் தலை விழும்.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் முன்னங்கால் விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலில் நெருஞ்சி முள் குத்தினால் உடம்பை மேலே தூக்கித்தானே அந்தக் காலை வைப்போம்? குதிரையும் பாரமான தலையை உயர்த்தி நோவுள்ள காலின் சுமையைக் குறைக்கிறது.

அதே ஐயா: என் கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா?

இல்லை, ஐயா. நீங்கள் பார்த்தது பின்னங்கால் நோவாக இருக்கலாம். பின்னங்காலில் நோ என்றால் விலங்கு பாரத்தை முன்னே தள்ளும்; அந்தக் கால் படும்போது தலை கீழே போகும். அப்போது நீங்கள் சொல்வது சரி. சிக்கலும் அங்கேதான். இடது பின்னங்கால் நொந்தால், அதோடு சேர்ந்து விழும் வலது முன்னங்கால் படும் நேரம் தலை இறங்கும். முன்னே நின்று பார்ப்பவர் இடது முன்னங்காலில் பிழை என்று நினைத்து அந்தக் குளம்பைக் குடைவார். அதனால் பின்னாலும் நின்று இடுப்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் கூடுதலாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் சந்தேகம்.

வட்டுக்கோட்டையிலிருந்து: ஐயா சொன்னதுதான் சரி. நடக்கவிட்டுப் பார்த்தாலே தெரியுமே?

கடுமையான நொண்டி என்றால் தெரியும். இலேசானது தெரியாது. நடையில் எந்த நேரமும் இரண்டு மூன்று கால்கள் பாரத்தைப் பங்குபோடும், நொந்த கால் ஒளிந்துகொள்ளும். ட்ரொட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு முன்னங்கால்தான் தாங்க வேண்டும். மிருக வைத்தியர்கள் ட்ரொட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

நொண்டிக்கு என்ன ஊசி போடலாம்?

மிருக வைத்தியரைக் கேளுங்கள். நோ மருந்து கொடுத்துவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள்.

இந்தியாவின் மார்வாரி இனக் குதிரை போகும் ‘ரேவால்’ என்ற நடையும் ட்ரொட்தானா?

இல்லை, அது வேறு நடை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து: வார் கையில் இல்லாவிட்டால் விழுந்துவிடுவேனே?

வாரைப் பிடியுங்கள், தொங்காதீர்கள். ஒருவர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டட்டும். நீங்கள் பிடரியைப் பிடித்தபடி பழகுங்கள். ஹெல்மெட்டும் குதியுள்ள சப்பாத்தும் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

அச்சுவேலி ஐயா மறுபடியும்: பின்னங்கால் கதையை ஏற்கிறேன். முன்னங்காலை ஏற்கவில்லை.

சரி ஐயா. கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுக்கலாம். நொண்டும் மாட்டை முன்னாலும் பின்னாலும் நின்று எடுத்து அனுப்புங்கள். சாவகச்சேரிக்காரரும் தன் குதிரையை எடுத்து அனுப்பட்டும். இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.