அம்மாவும் படலைக் கொக்கியும்

வணக்கம். மனவடு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் மனதில் தங்கிவிடும் வருத்தம் (PTSD) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். சுனாமி வந்த 2004இல் அம்மா உப்புவெளியில் இருந்தார். இருபது வருசம் தாண்டியும் கோயில் வெடிச் சத்தத்துக்குத் துள்ளி எழும்புகிறார். இரவில் நித்திரை இல்லை. நாலைந்து தரம் போய்ப் படலைக் கொக்கியைப் பார்த்துவிட்டு வருவார். பகலில் எல்லோரிலும் எரிந்து விழுவார். கடற்கரைக்குப் போவதே இல்லை. கிளினிக்கில் எல்லாவற்றுக்கும் மனவடு என்று ஒரே பெயர் சொன்னார்கள். உள்ளே இருப்பது ஒரு வருத்தமா, பலதா?
– ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள வாசகிக்கு,

டெங்கு என்றால் கிருமி உள்ளே இருக்கும், காய்ச்சலும் உளைவும் வெளியே தெரியும். மனவடுவையும் அப்படித்தான் நெடுங்காலம் பார்த்தார்கள். நெதர்லாந்தின் உளவியல் ஆய்வாளர் டெனி போர்ஸ்பூம் போன்றவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: ஒளிந்திருக்கும் ஒன்றைத் தேட வேண்டாம், குணங்குறிகளே ஒன்றையொன்று இழுக்கின்றன, அந்த வலைப்பின்னல்தான் வருத்தம்.

உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. காது எப்போதும் விழிப்பாக இருப்பதால் அம்மா படலைக்குப் போகிறார். போய்வந்தால் நித்திரை போச்சு. நித்திரை போனால் மறுநாள் எரிச்சல். பேரப்பிள்ளைகள் ஒதுங்க, வீடு அமைதியாகிறது. அந்த அமைதியில் சின்னச் சத்தமும் இடிபோலக் கேட்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மக்னலி குழுவினர் 2015இல், சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் தப்பிய 362 பேரின் குணங்குறிகளைப் புள்ளிகளாக வைத்து, தொடர்புள்ளவற்றுக்கு இடையில் கோடிழுத்துப் பார்த்தார்கள். தொடர்பு பலமென்றால் கோடு தடிக்கும். மிகத் தடித்த கோடுகளில் ஒன்று, ஓயாத விழிப்புக்கும் திடுக்கிடலுக்கும் இடையில்.

பெயர் ஒன்றுதான், ஆள் ஒன்றல்ல. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் (DSM-5) 2013 பட்டியலில் மனவடுவுக்கு 20 குணங்குறிகள். அதன் விதிப்படி இந்த வருத்தம் 636,120 விதமாக அமையலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வலை என்றதும் நிலாவெளிக் கரைவலை ஞாபகம் வரும். எனக்கு அந்த ஒப்புமையில் முழுத் திருப்தி இல்லை. கரைவலையை யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். ஒரே நாளில் பலரைக் கேட்டு வரைந்த படத்தில் எது எதை இழுக்கிறது என்று தெரியாது. அப்புறம், கேட்ட கேள்விக்குத்தான் அதில் புள்ளி விழும். நம் பெண்கள் விடும் பெருமூச்சு அந்த இருபதில் இல்லை. ‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது’ என்று எங்கள் பெரியம்மா சொல்வார், அதுவும் இல்லை. கேட்காததைப் படம் காட்டுமா?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நான் டொக்டர் இல்லை, கிளினிக்கை விடாதீர்கள். ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்குக் குறியுங்கள்: இரவில் எத்தனை தரம் படலை, மறுநாள் எத்தனை சண்டை, எத்தனை பெருமூச்சு. அது ஊரார் சராசரி இல்லை, உங்கள் அம்மாவின் சொந்தப் படம். டொக்டரிடம் அதையே நீட்டுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். திருவிழா நாளில் வெடி எத்தனை மணிக்கென்று முதலே சொல்லி வைத்தால் அம்மா துள்ளுவது குறைகிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.