கம்பு தேடினால் கேழ்வரகும் தினையும் வருவது ஏன்

பிரச்சினை சோலர் (Solr) என்ற தேடல் மென்பொருளில் இல்லை, எந்தச் சொல்லுக்கு எது இணை என்று அதற்குச் சொல்லும் உங்கள் சினானிம் கோப்பில் இருக்கிறது. "சிறுதானியம், கம்பு, கேழ்வரகு, தினை" என்று நான்கையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், அப்படி எழுதினால் நான்கும் ஒன்றுக்கொன்று சமம் என்றுதான் சோலர் எடுத்துக்கொள்ளும்.

சிறுதானியம் பெரிய வகை, மற்றவை அதன் உட்பிரிவுகள். அதற்கு ஒருவழி அம்புக்குறிதான் சரி:

சிறுதானியம் => சிறுதானியம், கம்பு, கேழ்வரகு, தினை

கேழ்வரகு, ராகி, கேப்பை மூன்றும் ஒரே பொருள்தானே, அந்த வரிக்கு மட்டும் காற்புள்ளி போதும்.

மாற்றிவிட்டு சோலரின் கோர் (core), அதாவது உங்கள் இன்டெக்ஸும் அதன் அமைப்புகளும் இருக்கும் பகுதியை, ரீலோட் செய்யுங்கள், அப்புறம் சோலர் அட்மினில் அனாலிசிஸ் பக்கத்தில் வினவல் பெட்டியில் கம்பு என்று மட்டும் அடித்துப் பாருங்கள், கம்பு தவிர வேறு சொல் வந்தால் பழைய வரி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்று, இந்தக் கோப்பைப் படிக்கும் சினானிம் ஃபில்டர், தேடும் சொல்லை அலசும் வினவல் பக்கம் மட்டும் இருக்கட்டும். ஆவணங்களைச் சேர்க்கும்போது அலசும் இன்டெக்ஸ் பக்கமும் இருந்தால் ரீலோட் போதாது, அங்கிருந்து எடுத்துவிட்டு எல்லா ஆவணங்களையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டும்.

சிலம்பக் கம்பு பற்றிய கட்டுரைகள் வருவதை இது தடுக்காது. அதற்கு ஆவணங்களிலேயே "கம்பு (தானியம்)" என்று தனிக் குறிச்சொல் போடத்தான் வேண்டும், கொஞ்சம் கைவேலைதான்.