வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலை விற்பது என்றால் என்ன? கொங்குப் பகுதிப் பெண்கள் பலர் இதில் ஈடுபடுவது ஏன்?

மொத்த வியாபாரியோ நெசவாளரோ அனுப்பும் சேலைப் படங்களைத் தம் ஸ்டேட்டஸில் இட்டு, கேட்பவரிடம் பணம் பெற்ற பின்னரே சரக்கை அனுப்பச் சொல்லி, விலையில் தமக்கென ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்வதே மறுவிற்பனை. 'ரீசெல்லிங்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

கொங்கு நாட்டில் சரக்கு அருகிலேயே கிடைக்கிறது. இளம்பிள்ளைச் சேலை, சென்னிமலைப் போர்வை, திருப்பூர்ப் பின்னலாடை ஆகியவை சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். ஈரோட்டின் வாராந்திர ஜவுளிச் சந்தையும் உண்டு. ஆயினும் வலுவான காரணம் வேறு: கடை வாடகையோ பெரிய முதலோ தேவைப்படாத இத்தொழிலை, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் கிடைக்கும் இடைவேளையில் வீட்டிலிருந்தே நடத்தலாம் என்பதோடு, வாங்குபவர் நாத்தனாராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பதால் நம்பிக்கையைப் புதிதாக ஈட்ட வேண்டியதில்லை.

சேலை மூட்டையைச் சுமந்து வீதி வீதியாக வந்த வியாபாரியை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் மூட்டை அவிழ்ந்ததும் அக்கம்பக்கத்தார் கூடுவர். ஸ்டேட்டஸும் அத்தகைய திண்ணைதான். 24 மணி நேரத்தில் படங்கள் மறைந்து, மூட்டை தானாகவே கட்டப்பட்டுவிடும். (நிறம் மாறி வந்த சேலையை உறவினர் திருப்பித் தரும்போது எழும் மனத்தாங்கல் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.)

ஸ்டேட்டஸில் இட்டால் ஊரே பார்க்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நீங்கள் ஒருவரின் எண்ணையும் அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் அது அவருக்குத் தெரியும்.