சான்றிதழில் கம்பெனி பெயர், எழுதியவர் நீங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2019இல் படங்களோடு ஓர் அரிச்சுவடி எழுதி டர்பனில் அச்சிட்டு வெளியிட்டேன். 2021இல் தங்கையும் நானும் கம்பெனி தொடங்கினோம். 2022இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தபோது, ஆசிரியர், உரிமைதாரர் இரண்டு இடத்திலும் கம்பெனி பெயரைப் போட்டு, 'வேலை நிமித்தம் உருவான படைப்பு' (ஊழியர் தம் முதலாளிக்காகச் செய்தது) என்றும் குறித்துவிட்டேன். படங்கள் ஓர் ஓவியருக்குக் காசு கொடுத்து வரையவைத்தவை. எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது அமெரிக்காவில் ஒருவர் புத்தகத்தை நகலெடுத்து விற்கிறார். எப்படித் திருத்துவது?

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிந்த அன்றே தவறாக இருந்தது வேறு, பதிந்தபின் மாறியது வேறு. இரண்டுக்கும் வழி தனித்தனி. பலர் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுச் சிக்கலாக்கிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் புத்தகத்துக்குப் பதிப்புரிமைப் பதிவே கிடையாது. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்துக்கு மட்டும் உண்டு. கம்பெனிப் பதிவோ ஐஎஸ்பிஎன் எண்ணோ உரிமைக்குச் சான்றாகாது. ஆனால் உரிமை யாருடையது என்பதை, படைப்பு பிறந்த நாட்டின் சட்டத்தை வைத்தே அமெரிக்க நீதிமன்றங்கள் பார்த்திருக்கின்றன (1998, ஈடார்-டாஸ் வழக்கு). ஆகவே 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம்தான் உங்களுக்கு அடிப்படை.

அதன் 21ஆம் பிரிவுப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பள வேலையின் பகுதியாக எழுதினால்தான் முதலாளிக்குப் போகும். 2019இல் கம்பெனியே இல்லையே! பாடத்தின் ஆசிரியர் நீங்கள். 2022க்கு முன் கம்பெனிக்கு உரிமையைக் கைமாற்றிக் கையெழுத்திட்ட தாள் இருந்தால் உரிமைதாரர் இடத்தில் கம்பெனி நிற்கலாம். இல்லையென்றால் அங்கேயும் உங்கள் பெயர்தான்.

படங்களில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். காசு கொடுத்தவருக்கே உரிமை என்ற விதி புகைப்படம், ஒருவரின் உருவப்படம், செதுக்குப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு மட்டுமே. 'ஆ'வுக்கு வரைந்த ஆடு உருவப்படம் ஆகாது. ஓவியர் உங்கள் ஊழியர் அல்ல என்பதால் உரிமை அவரிடமே இருக்கிறது. 22(3) பிரிவுப்படி அவர் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால்தான் அது கைமாறும். எக்காரணம் கொண்டும் பழைய தேதி போட்டு வாங்காதீர்கள். வழக்கை அதுவே கவிழ்க்கும்.

இனி திருத்தம். விண்ணப்பத்தின் நகலையும் சான்றிதழையும் ஒப்பிடுங்கள். நீங்கள் சரியாக எழுதியதை அலுவலகம் தவறாக ஏற்றியிருந்தால் தெரிவித்தாலே போதும், கட்டணம் இல்லை. தவறு உங்களுடையதென்றால் இணையவழியில் துணைப் பதிவு, அதாவது பழைய பதிவின் பிழையைத் திருத்தும் கூடுதல் பதிவு. கட்டணம் 100 டாலர், செலுத்துமுன் அன்றைய தொகையைச் சரிபாருங்கள். மூலப் பதிவின் எண்ணும் ஆண்டும் கொடுத்து, ஆசிரியர் பெயர், 'வேலை நிமித்தம்' குறி, உரிமைதாரர் மூன்றையும் திருத்தி, படங்களை உங்கள் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். 'கம்பெனி 2021இல்தான் தொடங்கியது' என்று காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பழைய பதிவு அழியாது. புதிய எண்ணோடு இன்னொரு சான்றிதழ் வரும். இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

உரிமை கம்பெனிக்கே இருக்கட்டும் என்றால் இன்றைய தேதியில் பத்திரம் எழுதுங்கள். துணைப் பதிவில் அதை நுழைக்க முடியாது. பத்திரத்தைத் தனியாக அதே அலுவலகத்தில் ஆவணமாகப் பதிய வேண்டும். புத்தகத் தலைப்பும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும். அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்தான பத்திரம் என்பதால் 2 மாதத்துக்குள் பதிந்தால், பின்னால் யாருக்காவது கைமாறினாலும் முன்னுரிமை உங்களுக்கு. ஓவியரிடம் வாங்கும் பத்திரத்துக்கும் இதே கணக்கு. படங்களை அதன்பின் தனியாகப் பதியலாம்.

தவறு செய்ததால் பதிவே போய்விட்டது என்று கலங்க வேண்டாம். உண்மை விவரத்திலோ சட்டத்திலோ தெரியாமல் செய்த பிழை பதிவைச் செல்லாததாக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் படைப்பு என்பதால் வழக்குத் தொடுக்கப் பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் வக்கீல் செலவும் கேட்க, திருட்டுக்கு முந்திய பதிவு வேண்டும். அந்த 2022ஆம் ஆண்டுப் பதிவைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே துணைப் பதிவைப் போட்டுவிடுங்கள். 2019ஆம் ஆண்டு அச்சக ரசீதையும் கையெழுத்துப் படியையும் எடுத்து வையுங்கள்.