தேசிய கீதத்தின்போது மண்டியிட்டால் வேலை போகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விளையாட்டு ஒப்பந்தங்கள், லீக் விதிகள் பற்றி இந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதுவதாலோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: தேசிய கீதம் ஒலிக்கும்போது மண்டியிட்டவர்கள், நிற்காமல் இருந்தவர்கள், பாடாமல் இருந்தவர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் முதலில் மண்டியிடவே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தார் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நான் பந்தயம் கட்டிவிட்டேன்.

பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 2016 ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவர் உட்கார்ந்தே இருந்தார். காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்ததால் சீருடை அணியவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஆகஸ்ட் 26 அன்று கிரீன் பே அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில்தான் ஒரு நிருபர் எடுத்த படத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கேட்டபோது மழுப்பவில்லை. கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை சேர்க்க எழுந்து நிற்கமாட்டேன் என்றார். போலீசார் சுட்டு ஆல்டன் ஸ்டெர்லிங், ஃபிலாண்டோ காஸ்டில் இருவரும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தது அந்த ஜூலையில்தான்.

மண்டியிடும் யோசனை ஒரு முன்னாள் ராணுவ வீரருடையது. நேட் பாயர் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர், பிறகு சியாட்டில் அணியின் பயிற்சி முகாம்வரை வந்தவர். ராணுவத்தினர் படிக்கும் ஒரு பத்திரிகையில் கேப்பர்னிக்குக்குத் திறந்த மடல் எழுதினார். திட்டி அல்ல, வருத்தப்பட்டு. கேப்பர்னிக் அவரை வரவழைத்தார். சான் டியேகோவில் அணி தங்கியிருந்த ஹோட்டலின் லாபியில் இருவரும், உடன் ஆடிய எரிக் ரீடும் உட்கார்ந்து பேசினார்கள். பெஞ்சில் தனியாக உட்காருவதைவிட, சக வீரர்களின் வரிசையில் நின்று ஒரு காலில் மண்டியிடுங்கள், இறந்த தோழனின் கல்லறை முன் எங்கள் ஆட்கள் செய்வது அதுதான் என்றார் பாயர். செப்டம்பர் 1 இரவு ஆட்டத்தில் கேப்பர்னிக்கும் ரீடும் மண்டியிட, பாயர் நெஞ்சில் கை வைத்துப் பக்கத்தில் நின்றார்.

ராணுவத்தினர் மனம் நோகக் கூடாதென்று பேசி முடிவு செய்த சமரசம் அது. பின்னால் ராணுவத்தை அவமதித்தார் என்ற பழி அதே சமரசத்தின் மீதுதான் விழுந்தது.

கே: அமெரிக்காவில் பேச்சுரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறதே. பிறகு எப்படி ஒருவரின் பிழைப்பில் கை வைக்க முடிந்தது?

இந்த விவகாரத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் முதலாளியை அல்ல. கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுக் குழந்தைகளைப் பள்ளிகள் வெளியேற்றிய வழக்கில், 1943ல், நடுவே உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குழந்தைகள் பக்கம் நின்றது. அது அரசுப் பள்ளி. தேசிய கீதத்தின்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு கூட்டாட்சிச் சட்டப் பிரிவும் உண்டு. எழுந்து நின்று நெஞ்சில் கை வைக்கவேண்டும் என்கிறது. மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. வெறும் அறிவுரை.

ஆக, போலீஸ் பிடிக்காது, நீதிமன்றம் கூப்பிடாது. கூப்பிடுவது அணியின் உரிமையாளர்தான். டல்லஸ் கௌபாய்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸைப் பாருங்கள். 2017 செப்டம்பர் 25 அன்று வீரர்களோடு கைகோத்துத் தானும் மண்டியிட்டார். ஆனால் கீதம் ஒலிப்பதற்கு முன்பு. கீதம் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கேமராவுக்கு நல்ல காட்சி. இரண்டே வாரத்தில், கொடியை மதிக்காதவன் என் அணியில் ஆடமாட்டான் என்று அறிவித்துவிட்டார். அவரைக் கேள்வி கேட்க அரசியலமைப்பில் வழி இல்லை. வீரருக்கு இருக்கும் கவசம் தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜனாதிபதி ஒருவர் வெளிப்படையாக மிரட்டி, அதற்குப் பணிந்து முதலாளி தண்டித்தால் அதை அரசின் செயலாகக் கொள்ளலாமா? 2017 செப்டம்பர் 22 அன்று அலபாமாவில் டிரம்ப், மண்டியிடுகிறவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி வெளியே அனுப்புங்கள் என்று உரிமையாளர்களிடம் கேட்டபோது சட்டப் பேராசிரியர்கள் இதைத் தீவிரமாக விவாதித்தார்கள். நடைமுறையில் அந்த வாதத்தால் யாரும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அந்த வார இறுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டோ உட்கார்ந்தோ இருந்தார்கள் என்பது மட்டும் நடந்தது.

கே: கேப்பர்னிக்கை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லையே. ஒப்பந்தத்திலிருந்து விலகியது அவர்தானே? ஆட்டமும் சுமார்தான்.

பாதி சரி. 2017 மார்ச்சில் அவர்தான் விலகினார். விலகாவிட்டால் நாங்களே விடுவித்திருப்போம் என்று அணியின் பொது மேலாளர் பின்னர் சொல்லிவிட்டார். ஆட்டத்தைப் பொறுத்தவரை, 2016ல் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களில் அணி வென்றது ஒன்றே ஒன்று. ஆனால் அவருடைய சொந்தக் கணக்கில் புள்ளி சேர்த்த டச்டவுன் பாஸ் 16, எதிரணி பறித்த பாஸ் வெறும் 4. இதைவிட மோசமான கணக்கு வைத்திருந்த குவார்ட்டர்பேக்குகள் (அவரைப்போலப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்) மாற்று ஆட்டக்காரராகவாவது ஒப்பந்தம் பெற்றார்கள். 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை.

அணிகள் கூடிப் பேசி என்னை ஒதுக்கின என்று 2017 அக்டோபரில் முறையீடு செய்தார். இந்த வகை முறையீட்டில் ஜெயிப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக 'இந்த வம்பு நமக்கெதற்கு' என்று ஒதுங்கினால் அது குற்றமாகாது. சேர்ந்து முடிவெடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி லீக் கேட்டதை 2018 ஆகஸ்டில் நடுவர் மறுத்தார். 2019 பிப்ரவரியில் சமரசமாகி, தொகை ரகசியமாகவே போய்விட்டது. சமரசம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தன் பக்கம் அப்பழுக்கில்லை என்று நம்பும் லீக் பணம் கொடுத்து வாயை மூடுமா என்று கேட்டால், மூடாது என்பதுதான் என் எண்ணம்.

கே: அவருக்கு முன்னால் யாராவது?

நிறையப் பேர். நான் அடிக்கடி நினைப்பது கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃபை. டென்வர் நகெட்ஸ் அணி. இஸ்லாத்துக்கு மாறியவர், உடல் தன்னையறியாமல் துடிக்கும் டுரெட் நோய்க்குறியோடு போராடிக்கொண்டே லீக்கின் மிகத் துல்லியமான ஃப்ரீ த்ரோ ஆட்டக்காரர்களில் ஒருவராக விளங்கியவர். 1995-96 சீசனில் கீதம் ஒலிக்கும்போது டிரஸ்ஸிங் ரூமிலேயே இருந்துவிடுவார், அல்லது ஓரமாகக் கைகால் நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருப்பார். மாதக்கணக்கில் யாருக்கும் உறுத்தவில்லை. செய்தியானதும் உறுத்தியது. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் விதி தெளிவானது: வீரர்கள் கண்ணியமாக வரிசையில் நிற்க வேண்டும். 1996 மார்ச் 12 அன்று இடைநீக்கம். ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 31,700 டாலர் சம்பளம் போயிற்று. இரண்டு நாளில் ஒரு சமரசம்: எழுந்து நிற்பேன், நின்றபடி பிரார்த்தனை செய்வேன். சிகாகோ மைதானத்தில் கூட்டம் கூச்சலிட, இரு கைகளையும் ஏந்தி முகத்தருகே வைத்து அவர் துவா செய்தபடி நின்ற படத்தைத் தேடிப் பாருங்கள்.

விதிப்படி அவர் செய்ததில் அதற்குமேல் தவறே இல்லை. ஆனாலும் அந்தக் கோடையில் அணி அவரைச் சாக்ரமென்டோவுக்கு மாற்றிவிட்டது. சராசரியாக 19 புள்ளிக்கு மேல் எடுத்து அணியில் முதலிடத்தில் இருந்தவரை! இரண்டு ஆண்டில் லீக்கைவிட்டே வெளியேறினார், பிறகு ஒரு சீசன் மட்டும் தலைகாட்டினார். விதியை மீறியதற்கான தண்டனை ஒரு ஆட்டத்தோடு முடிந்தது. விதிக்கு வெளியே கிடைத்தது முடியவில்லை.

கே: விளையாட்டுக்கும் தேசிய கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? சினிமா தியேட்டர் மாதிரி யாரோ உத்தரவு போட்டார்களா?

உத்தரவு இல்லை, போர். 1918 செப்டம்பர் 5, சிகாகோவில் பேஸ்பால் உலகத் தொடர். முதல் உலகப் போர் நடக்கும் நேரம், கூட்டம் சோர்ந்து கிடக்கிறது. ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்டு குழு இன்று அமெரிக்கத் தேசிய கீதமாக இருக்கும் பாட்டை வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிய ஃப்ரெட் தாமஸ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார், பார்த்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். அப்போது அது அதிகாரபூர்வத் தேசிய கீதம்கூட இல்லை. அந்தத் தகுதி 1931ல்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இதை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். தலைவர் கேட்டுக்கொண்டார். அப்படியே நிலைத்துவிட்டது.

பலருக்குத் தெரியாதது: என்.எஃப்.எல்.லில் இரவு ஒளிபரப்பாகும் பெரிய ஆட்டங்களில் 2009 வரை வீரர்கள் பெரும்பாலும் கீதம் முடிந்த பிறகுதான் களத்துக்கு வந்தார்கள். இன்னொன்று, மைதானத்தில் ராணுவத்தினருக்கு நடக்கும் பாராட்டு விழாக்களில் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையே அணிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. 2015ல் மெக்கெய்ன், ஃபிளேக் என்ற இரு செனட்டர்கள் இதை அம்பலப்படுத்த, அடுத்த ஆண்டு லீக் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. தேசபக்தியை வியாபாரமாக்கியவர்கள் யார் என்ற கேள்வி மண்டியிட்டவர்களை நோக்கி மட்டும் கேட்கப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்புக் கையுறை அணிந்து கை உயர்த்தியவர்களின் பதக்கங்களைப் பறித்தார்களாமே?

பறிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்களான டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன. கார்லோஸ் தன் கையுறையை மறந்து வந்ததால் ஒரே ஜோடியைப் பகிர்ந்துகொண்டார்கள். அதனால்தான் ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை. அவர்கள் அன்றைய கணக்கில் அமெச்சூர்கள், சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். அதே மெக்சிகோவில் செக் ஜிம்னாஸ்ட் வேரா சாஸ்லவ்ஸ்கா, தன் நாட்டுக்குள் புகுந்த சோவியத் ஒன்றியத்தின் கீதம் ஒலித்தபோது முகத்தைத் திருப்பித் தலைகுனிந்தார். அவருக்கு ஊரில் கிடைத்த தண்டனை மற்ற இருவருடையதைவிட லேசானதல்ல.

கே: இரான் அணி உலகக் கோப்பையில் செய்ததும் இதே வகையா?

வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆபத்து வேறு. 2022 நவம்பர் 21, தோஹாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடும்முன் பதினொரு பேரும் தோளில் கை போட்டு, வாய் திறக்காமல் நின்றார்கள். ஹிஜாப் விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட இளம்பெண் மஹ்சா அமினி காவலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேலரியில் இரானியர்களே தங்கள் கீதத்துக்கு ஊளையிட்டார்கள். அணி 6-2 என்று தோற்றது. இடையில் முன்னாள் தேசிய வீரர் வோரியா கஃபூரி இரானில் கைது செய்யப்பட்டார். நான்கு நாள் கழித்து வேல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வீரர்களின் உதடுகள் அசைந்தன, சிலருடையது அரைகுறையாக. அன்று 2-0 என்று வென்றார்கள். ஏன் பாடினார்கள் என்று சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கே: இந்தியக் கிரிக்கெட் அணியும் ஒருமுறை மண்டியிட்டதே, அப்போது யாரும் சத்தம் போடவில்லையே?

2021 அக்டோபர் 24, துபாயில், பாகிஸ்தானுக்கு எதிராக. அது ஆட்டம் தொடங்கும் தறுவாயில், கீதம் முடிந்த பிறகு. நிறவெறிக்கு எதிரான அந்தச் சடங்கு கீதத்திலிருந்து விலகி இருந்ததால் யாரையும் சீண்டவில்லை. இரண்டு நாள் கழித்துத் தென்னாப்பிரிக்க அணியில் நேரெதிர் நாடகம்: எல்லாரும் மண்டியிட வேண்டும் என்று வாரியம் கட்டளையிட, க்விண்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகினார். நிற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில் உள்ள அதே கோளாறுதான் மண்டியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதிலும்.

கே: நம் நாட்டில் ஒரு வீரர் நின்றுகொண்டே பாடாமல் இருந்தால்?

நின்று, பாடாமல் இருப்பது குற்றமில்லை. கேரளத்தில் 1985ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகள், அவர்களும் யெகோவாவின் சாட்சிகள், மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1986ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதையும். மண்டியிட்டால் என்ன ஆகும்? நீதிமன்றத்துக்குப் போகும்முன் விளம்பர ஒப்பந்தங்கள் போய்விடும் என்பது என் கணிப்பு.

கே: இன்று ஒருவர் மண்டியிட்டால் என்ன நடக்கும்? சுருக்கமாக.

எந்த மைதானம் என்பதைப் பொறுத்தது. என்.எஃப்.எல். 2018 மே மாதம் 'நில், இல்லையேல் உள்ளேயே இரு' என்று விதி போட்டது, சங்கம் எதிர்த்ததும் இரண்டே மாதத்தில் கிடப்பில் போட்டது. 2020 ஜூனில், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று லீக் தலைவர் ராஜர் குடெல் அறிக்கை விட்டார், கேப்பர்னிக் பெயரைச் சொல்லாமல். என்.பி.ஏ. விதி புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் 2020 ஜூலையில் ஆர்லாண்டோவில் ஏறத்தாழ எல்லாரும் மண்டியிட்டபோது அதை அமல்படுத்தவில்லை. அப்போது மண்டியிடாமல் நின்ற முதல் வீரர் ஜொனாதன் ஐசக்கைத்தான் நிருபர்கள் விளக்கம் கேட்டார்கள்.

மகளிர் கால்பந்தில் மேகன் ரபினோ 2016ல் மண்டியிட்டபோது, எதிரணி நிர்வாகம் ஒன்று வீராங்கனைகள் டிரஸ்ஸிங் ரூமில் இருக்கும்போதே கீதத்தை ஒலிக்கவிட்டு முடித்துவிட்டது. அடுத்த ஆண்டு கால்பந்து சம்மேளனம் நிற்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தது, 2020 ஜூனில் திரும்பப் பெற்றது.

ஒலிம்பிக் மட்டும் தனி. 2021 முதல் போட்டி தொடங்கும்முன் களத்தில் கருத்து தெரிவிக்கலாம், பதக்க மேடையில் கூடாது. தன் வீரர்களை இதற்காகத் தண்டிக்கமாட்டோம் என்று அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் பதக்க மேடை அந்தக் கமிட்டியின் கையில் இல்லை, சர்வதேசக் கமிட்டியின் கையில் இருக்கிறது. 2028ல் லாஸ் ஏஞ்சலஸில் சொந்த மண்ணில், சொந்தக் கீதத்துக்கு ஒரு அமெரிக்கர் மண்டியிட்டாலும் விளக்கம் கேட்கப்போவது சர்வதேசக் கமிட்டியின் தலைமையகம் இருக்கும் லோசானிலிருந்துதான்.